புசான் நாம்போ கடைவீதிகள்: காலை மீன் சந்தை முதல் இரவுச் சந்தை வரை ஒரு முழு வழிகாட்டி

தென்கொரியாவில் கடைவீதி என்றதும் எல்லோரும் சியோலின் மியோங்தோங்கைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் புசானின் நாம்போ பகுதி பிடிக்கும். பழைய துறைமுகத்தை ஒட்டிய இந்தச் சின்ன நிலப்பரப்புக்குள் மீன் சந்தை, கருவாட்டுச் சந்தை, பாத்திரக்கடைச் சந்துகள், பழைய புத்தகக்கடைகள், பிராண்டு துணிக்கடைகள், பல மாடி அங்காடி, இரவுச் சந்தை எல்லாமே இருக்கின்றன. எதற்கும் வண்டி பிடிக்க வேண்டாம். நடந்தே முடித்துவிடலாம்.

பெரும்பாலோர் மதியம் இரண்டு மணிக்கு வந்து, பிராண்டு வீதியில் நாலு முகப்பூச்சு வாங்கி, ஒரு ஹோத்தொக் (பாகு வைத்த மாவடை) தின்று, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மீன் சந்தையின் காலைச் சுறுசுறுப்பு ஓய்ந்திருக்கும், இரவுச் சந்தை தொடங்கியிருக்காது. நாம்போவில் ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனி நேரம் உண்டு. கொரியாவில் எங்கும் கிடைக்கும் பொருளுக்காக நல்ல நேரத்தைச் செலவழிக்காமல், அந்தந்த இடம் சூடாக இருக்கும்போது அங்கே இருப்பதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

எந்தக் கிழமை?

முடிந்தால் சனிக்கிழமை. கூட்டம் இருக்கும்தான், ஆனாலும் அன்றுதான் யங்டோ தூக்குப்பாலம் மதியம் 2 மணிக்குத் தூக்கப்படுகிறது. ஜாகல்ச்சி மீன் சந்தைக் கட்டடத்துக்கு மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய் விடுமுறை. குக்ஜே சந்தையிலும் போசுதோங் புத்தகச் சந்திலும் பெரும்பாலான கடைகள் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் அடைத்திருக்கும். பிற்பகலில் போகப்போகும் நவீன வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் எதுவும் தவறாத நாள் சனிதான். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழைக்காலம், ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வரக்கூடும். வசதியான மாதங்கள் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர். டிசம்பரில் குளிர் காற்று முகத்தில் அறையும், ஆனால் அப்போதுதான் பிராண்டுக் கடைகள் நிறைந்த குவாங்போக் வீதி முழுக்க விளக்கு அலங்காரம் செய்திருப்பார்கள்.

கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கொரிய விசா தேவை என்பது தெரிந்திருக்கும். அந்தக் கடவுச்சீட்டை விடுதி அறையில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள். வரித்தள்ளுபடி தரும் கடைகளில் கல்லாவிலேயே அதைக் கேட்பார்கள்.

சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம், முன்பின் ஆகலாம். புசான் ரயில் நிலையத்தில் இறங்கி மெட்ரோவின் முதல் வழித்தடத்தைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் நாம்போ, மூன்றாவது ஜாகல்ச்சி. கிம்ஹே விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் இலகு ரயிலில் சாசாங், அங்கிருந்து இரண்டாம் வழித்தடத்தில் சொம்யோன், பிறகு முதல் வழித்தடம் என்று இரண்டு முறை மாற வேண்டும். சியோலில் வாங்கிய டி-மணி பயண அட்டை இங்கேயும் செல்லும். அதில் பணம் ஏற்ற ரொக்கம் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கைபேசியில் நேவர் மேப் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நடைவழி காட்டுவதில் கொரியாவில் கூகுள் மேப்பை நம்பியவர்கள் சந்துகளில் தொலைந்து போயிருக்கிறார்கள். பெரிய கடைகள் எல்லாவற்றிலும் கார்டு எடுப்பார்கள். தள்ளுவண்டிகளிலும் சந்தைக் கிழவிகளிடமும் ரொக்கம்தான். உள்ளூர்க்காரர்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிடுவார்கள், நம்மால் அது முடியாது. ஆகவே ஆளுக்கு 50,000 வோன், அதுவும் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் தாள்களாக இருந்தால் நல்லது. 1,000 வோன் ஏறக்குறைய 60 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெரிய பையை மெட்ரோ நிலையத்திலுள்ள பூட்டுப்பெட்டியில் போட்டுவிடுங்கள். குக்ஜே சந்தைச் சந்துகளில் முதுகுப்பையோடு திரும்பினால் நாலு பேரை இடிப்பீர்கள்.

காலை 9: ஜாகல்ச்சி மீன் சந்தை

நாம்போவில் இறங்காமல் ஒரு நிறுத்தம் தள்ளி ஜாகல்ச்சியில் இறங்குங்கள். கடல் பக்கம் நடந்தால் ஐந்து நிமிடத்தில் வாடையே வழிகாட்டும். கடற்பறவை சிறகு விரித்ததுபோல் கூரை வேய்ந்த பெரிய கட்டடம் 2006-ல் திறக்கப்பட்டது. ஆனால் உண்மையான சந்தையைப் பார்க்க வேண்டுமானால் முதலில் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. வெளியே தெருவோரமாக, வண்ணக் குடைகளுக்குக் கீழே, ரப்பர் காலணியும் கையுறையும் அணிந்து தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். ஜாகல்ச்சி ஆஜிமேக்கள் (அத்தைமார்) என்று நாடு முழுக்கப் பேர் பெற்றவர்கள் இவர்கள். கானாங்கெளுத்தி, வாளை, கணவாய் எல்லாம் கூறு கூறாகத் தட்டுகளில் அடுக்கியிருக்கும். நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பாதி மீன் பழக்கப்பட்டதாகத் தெரியும், மீதிப் பாதிக்கு வாய் பிளக்க வேண்டியிருக்கும். கடற்பீச்சி என்று சொல்லக்கூடிய சிவந்த முள்முள்ளான உயிரிகள், தொட்டியில் நெளியும், விலாங்கு போன்ற கொம்ஜாங்கோ, உயிரோடு ஊர்ந்து தப்பிக்கப் பார்க்கும் சின்ன ஆக்டோபஸ் எல்லாம் அந்த வகை.

படம் எடுக்கும் முன் கண்ணால் ஒரு அனுமதி கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் கையால் மறைப்பார்கள். மறைத்தவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அது அவர் வேலை நேரம்.

கட்டடத்துக்குள் சாப்பிடும் முறை முதன்முறை வருபவர்களைக் குழப்பும், அதனால் விவரமாகச் சொல்கிறேன். தரைத்தளத்தில் தொட்டிகளில் உயிர் மீன் விற்கிறார்கள். நீங்கள் மீனைத் தேர்ந்தெடுத்தால் எடைபோட்டு, அங்கேயே வெட்டித் தருவார்கள். மேல்தளத்துச் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தால் அது சமைக்காமல் பச்சையாகவே தட்டில் வரும். மீனுக்குக் கீழே பணம். மேலே மேசை, கீரை, சாஸ், துணைத் தட்டுகளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். மிஞ்சிய தலையையும் எலும்பையும் போட்டுக் காரமான குழம்பு வைத்துத் தரச் சொன்னால் அதற்கு இன்னொரு தொகை. இந்த மூன்றையும் கூட்டாமல் முதல் விலையை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள்தான் பிறகு ஏமாந்துவிட்டோம் என்று புலம்புகிறார்கள். ஆகவே கத்தி மீனில் படும் முன், கால்குலேட்டரில் மொத்தத் தொகையை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கொரியாவில் எல்லா வியாபாரியும் கூச்சமில்லாமல் அதைச் செய்வார்கள். “ஓல்மாயெயோ?” என்றால் எவ்வளவு என்று அர்த்தம். அது ஒன்று தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

பச்சை மீன் வேண்டாம் என்பவர்கள் தெருவில் வறுத்த மீன் சோறு போடும் சின்னக் கடைகளைத் தேடுங்கள். தட்டையான இரும்புக் கல்லில் நாலைந்து வகை மீனைப் பொரித்து, சோறு, சூப்பு, கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறியோடு வைப்பார்கள். காலை உணவாக அது தாராளம். இருவர் சேர்ந்து போனால் ஒரு தட்டை மட்டும் வாங்கிப் பகிர முடியாது, ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்பது பல கடைகளில் எழுதாத விதி.

காலை 11: குக்ஜே சந்தை

பெருஞ்சாலையைக் கடந்து உள்ளே போனால் தெருக்கள் சுருங்கத் தொடங்கும். இந்த இடத்தின் பூர்வகதை தெரிந்தால்தான் அதன் அமைப்பு புரியும். 1945-ல் ஜப்பானியர்கள் கொரியாவை விட்டுப் போனபோது கைவிட்டுச் சென்ற சாமான்களை மக்கள் இங்கே திறந்தவெளியில் பரப்பி விற்றார்கள். 1950-ல் கொரியப் போர் மூண்டதும் வடக்கிலிருந்து அகதிகள் குவிந்தார்கள். புசான் அப்போது நாட்டின் தற்காலிகத் தலைநகர். அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து கசிந்த டப்பா உணவு, போர்வை, சிகரெட் எல்லாம் துறைமுகம் வழியாக இந்தச் சந்துகளுக்கு வந்தன. கையில் எது கிடைத்ததோ அதை விற்றுப் பிழைத்தார்கள். இன்றும் பாத்திரம் விற்பவர் பக்கத்தில் பாத்திரக்காரர், விளக்கு விற்பவர் பக்கத்தில் விளக்குக்காரர் என்று தொழில்வாரியாகச் சந்துகள் பிரிந்திருக்கின்றன. கட்டடங்களும் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்ட பகுதிகள்.

இங்கே என்ன வாங்கலாம்? என் பரிந்துரை பாத்திரங்கள்தான். ராமியோன் நூடுல்ஸ் கொதிக்க வைக்கும் மஞ்சள் நிற மெல்லிய அலுமினியச் சட்டி, குழம்பு கொதித்தபடியே மேசைக்கு வரும் கறுப்பு மண்சட்டி, தட்டையான எவர்சில்வர் குச்சிகளும் நீண்ட காம்புக் கரண்டியும் சேர்ந்த ஜோடி. விமான நிலையக் கடையில் அலங்காரப் பெட்டிக்குள் விற்கும் அதே சாமான், இங்கே வீட்டுக்காரம்மாக்கள் வாங்கும் விலையில் கிடைக்கும். மண்சட்டி வாங்கினால் செய்தித்தாளில் இரட்டையாகச் சுற்றித் தரச் சொல்லி, கைப்பையில் வையுங்கள்.

அடுத்தது காலுறை. சிரிக்காதீர்கள். கொரியச் சந்தைக் காலுறை ஜோடி ஆயிரம் வோனை ஒட்டிய விலையில், நல்ல பருத்தியில், நூறு விதமான படங்களோடு கிடைக்கும். ஊரில் பத்துப் பேருக்குப் பரிசு கொடுக்க வேண்டியிருந்தால் இதைவிட எடை குறைந்த தீர்வு இல்லை. மூன்றாவது மூக்குக்கண்ணாடி. இந்தப் பகுதியில் கண்ணாடிக் கடைகள் நிறைய. கண்ணையும் அங்கேயே சோதித்து, சாதாரண ஒற்றைப் பார்வை வில்லை கையிருப்பில் இருந்தால் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் செய்து கொடுத்துவிடுவார்கள். காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொள்வது நல்லது.

பழைய துணிச் சந்து ஒன்றும் உண்டு. மலைபோல் குவித்த சட்டைகளைக் கிளறிப் பார்க்கப் பொறுமை இருப்பவர்களுக்கு அது சொர்க்கம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பேரம் பேசலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். விலை எழுதி ஒட்டிய கடையில் வேண்டாம். எழுதாத இடத்தில், இரண்டு மூன்று பொருளாக எடுத்து, ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு “கொஞ்சம் குறைங்க” என்ற பாவனையில் கேட்டால் சில ஆயிரம் வோன் குறையும், இல்லாவிட்டால் ஒரு ஜோடி காலுறை கூடுதலாக விழும். பாதி விலைக்குக் கேட்டு ஆரம்பிக்கும் வழக்கம் இங்கே எடுபடாது. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

போசுதோங் புத்தகச் சந்து

குக்ஜே சந்தையின் வடக்கு முனையில் சாலையைக் கடந்தால் மேட்டை நோக்கி ஏறும் ஒரு குறுகிய சந்து. போரின்போது வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி படை முகாம்களிலிருந்து கிடைத்த பழைய சஞ்சிகைகளைப் பரப்பி விற்கத் தொடங்கியதுதான் இதன் ஆரம்பம் என்கிறார்கள். அகதி மாணவர்கள் பாடப்புத்தகங்களை விற்கவும் வாங்கவும் வந்ததில் சந்து வளர்ந்தது. கொரிய மொழி தெரியாதவர்களுக்கு இங்கே வாங்க அதிகமில்லை. குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள், பழைய இசைத்தட்டுகள், சமையல் நூல்கள் கிடைத்தால் எடுக்கலாம். கூரைவரை அடுக்கிய புத்தகச் சுவர்களைப் படம் எடுக்க மட்டும் வருபவர்களைக் கடைக்காரர்கள் விரும்புவதில்லை. ஏதாவது வாங்கிவிட்டு எடுப்பது நாகரிகம். அரை மணி நேரம் போதும்.

மதிய உணவு: முக்காலிச் சந்து

குக்ஜே சந்தைக்குள் திரும்பி அரிரங் தெருவைக் கேளுங்கள். நடுச்சாலையில் பெண்கள் வரிசையாகக் கூடைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எதிரில் முழங்கால் உயரத்துக்குக்கூட வராத முக்காலிகள். கூப்பிட “ஈமோ” என்றால் போதும், சின்னம்மா என்று அழைப்பது போன்ற உரிமை அது. இங்கே தின்ன வேண்டியது பிபிம் தங்ம்யோன். சர்க்கரைவள்ளி மாவில் செய்த கண்ணாடி போன்ற சேமியாவை வெந்நீரில் முக்கி எடுத்து, கீரை, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், நறுக்கிய ஓமுக் (மீன் பண்டம்), மேலே காரச் சாந்து வைத்துத் தருவார்கள். நன்றாகப் பிசைந்து வழுக்கும் முன் வாயில் போட வேண்டும். அரிசியின்றிப் பசியாற்ற ஏழைகள் கண்டுபிடித்த உணவு, இன்று ஊரின் அடையாளம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கொரியக் குழம்பு, சூப்புகளின் அடித்தண்ணீரில் நெத்திலி இருக்கும், கிம்ச்சியில் மீன் சாறு இருக்கும். “காய்கறி மட்டும்” என்று கேட்டு வாங்கியதிலும் அது இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது மசாலா. பத்தியம் கடுமையாகக் காப்பவர்கள் அதே சந்தைப் பகுதியில் செந்நிறப் பயறுக் கஞ்சியும் பயறு போட்ட ஐஸ் சீவலும் விற்கும் வரிசைக் கடைகளை நாடலாம். குளிர்காலத்தில் வறுத்த கஷ்கொட்டை, சுட்ட சர்க்கரைவள்ளி தள்ளுவண்டிகளில் கிடைக்கும். முழுச் சாப்பாட்டுக்கு விடுதியிலிருந்து ஏதாவது கட்டிக்கொண்டு வருவதே நிம்மதி.

மதியம் 2: பாலம் எழும் நேரம்

ஒன்றே முக்கால் மணிக்குள் நாம்போ நிலையத்தின் அருகிலுள்ள யங்டோ பாலத்துக்கு வந்துவிடுங்கள். எதிரேயுள்ள தீவையும் நகரத்தையும் இணைக்க 1934-ல் கட்டிய பாலம். கப்பல் போக ஒரு பகுதியைத் தூக்கித் திறக்கும் அமைப்பு அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். 1966-ல் தூக்குவதை நிறுத்தினார்கள். பாலத்தைப் புதிதாகக் கட்டி 2013-லிருந்து மறுபடி தூக்குகிறார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி, இசை ஒலிக்க, சாலையின் ஒரு துண்டு மெல்ல வானத்தைப் பார்த்து எழும். மொத்தம் கால் மணி நேர வேடிக்கை.

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு கனமான கதை இருக்கிறது. போரில் பிரிந்த குடும்பங்கள் “புசானில் யங்டோ பாலத்தடியில் சந்திப்போம்” என்று சொல்லிக்கொண்டு பிரிந்தார்கள். முன்பின் தெரியாத ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடம் அது. வந்தவர்கள் காத்திருந்தார்கள், பாலத்தடியில் சோதிடக்காரர்கள் கடை போட்டார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறதா, கணவன் வருவானா என்று கேட்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வயதான கொரியர்கள் சிலர் பாலம் எழும்போது கண்கலங்கி நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

பாலத்துக்குப் பக்கத்திலேயே கருவாட்டு மொத்தச் சந்தை. ஜப்பானியர் காலத்து மரவீடுகள் இன்னும் சில நிற்கின்றன. கருவாட்டின் அருமை தெரிந்தவர்களை இங்கே கட்டுப்படுத்துவது கஷ்டம். அளவுவாரியாகப் பிரித்த நெத்திலி, காய்ந்த கணவாய், பொல்லாக் மீன், அட்டைப்பெட்டியில் அடுக்கிய கடற்பாசித் தாள். பேரங்காடியில் சின்னப் பொட்டலமாக விற்கும் கடற்பாசித் தாளை இங்கே நூறு தாள் கட்டாக வாங்கலாம். எடையே இல்லாததால் ஊருக்குக் கொண்டுவர ஏற்ற பொருள். கருவாடு வாங்கினால் காற்றுப்புகாத உறையில் அடைத்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டியிலுள்ள புதுச் சட்டைகளெல்லாம் ஜாகல்ச்சியாக மணக்கும்.

எதிரில் நிற்பது லோட்டே அங்காடியின் குவாங்போக் கிளை, புசானின் பழைய மாநகராட்சிக் கட்டடம் இருந்த இடம். உள்ளே விற்கும் பொருள்களுக்காகப் போக வேண்டியதில்லை. சுத்தமான கழிப்பறை, இசைக்கேற்ப ஆடும் நீரூற்று, மொட்டைமாடித் தோட்டத்திலிருந்து துறைமுகக் காட்சி மூன்றும் இலவசம். கால் ஆற இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கிருந்து படியிறங்கினால் மெட்ரோவின் மேலேயே ஓடும் நிலத்தடிக் கடைத்தொடர். மழை பெய்தால் அதற்குள்ளேயே ஜாகல்ச்சி பக்கம்வரை நடந்துவிடலாம். துணி விலை மேலே உள்ளதைவிடக் குறைவு, ஆனால் பல கடைகளில் மேற்சட்டையைப் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், ரொக்கத்துக்கு வாங்கினால் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

பிற்பகல்: பழைய வங்கியும் யோங்துசான் குன்றும்

கடை கடையாக ஏறி இறங்கிச் சலித்திருப்பீர்கள். தேச்சோங் சாலையிலிருக்கும் நவீன வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். இரண்டு கட்டடங்கள். ஒன்று 1929-ல் கட்டியது. காலனியாட்சியில் கொரிய விவசாயிகளின் நிலங்களை வளைத்துப்போட்ட ஜப்பானிய நிறுவனத்தின் கிளை. பிறகு அமெரிக்கக் கலாச்சார மையமாகி, 1982-ல் மாணவர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். ஒரே கட்டடம் கொரியாவின் இரண்டு கசப்புகளைச் சுமந்து நிற்கிறது. மற்றொன்று கொரிய மத்திய வங்கியின் முன்னாள் கிளை. பணம் வைத்திருந்த பெட்டக அறைகளையே கண்காட்சிக் கூடமாக்கியிருக்கிறார்கள்.

அருகிலேயே யோங்துசான் பூங்கா. குவாங்போக் வீதியிலிருந்து எஸ்கலேட்டர் மேலே கொண்டுபோகும், முழங்கால் வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். 1678 முதல் இந்தக் குன்றைச் சுற்றித்தான் ஜப்பானிய வணிகர்களின் குடியிருப்பு வேலிக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. 1876-ல் துறைமுகம் திறக்கப்பட்டதும் அதே இடம் ஜப்பானியக் கடைவீதியாக விரிந்தது. இப்போது பூங்காவில், ஜப்பானியக் கடற்படையைத் தோற்கடித்த தளபதி யி சுன்-சின் சிலையாக நின்று கடலைப் பார்க்கிறார். இடம் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

120 மீட்டர் புசான் கோபுரம் 1973-ல் கட்டியது. ஏறத்தான் வேண்டுமா? பகலில் வேண்டாம். லோட்டே மாடியில் பார்த்ததைவிடப் பெரிதாக எதுவும் கூடிவிடாது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஏறினால் துறைமுகப் பாரந்தூக்கிகள், தீவின் மேட்டு வீடுகள், பாலங்கள் எல்லாம் விளக்கேற்றிக்கொள்வதைப் பார்க்கலாம், அதற்குக் காசு கொடுக்கலாம். மரத்தடி இருக்கைகளில் முதியவர்கள் பாதுக் என்ற பலகை ஆட்டம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பொழுது போய்விடும்.

மாலை 6:30: குவாங்போக் வீதி

பிராண்டுக் கடைகளை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், அவை இரவு பத்து மணியை ஒட்டி வரை திறந்திருக்கும் என்பதுதான். மற்றவை காத்திருக்காது. கூடவே, வாங்கிய பைகளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை.

அழகுசாதனம் வாங்குபவர்கள் ஒலிவ் யங் கடைக்குத்தான் போவார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஒட்டுகளைப் பார்த்து வாங்குங்கள், முழு விலைக்கு வாங்கிய பொருள் அடுத்த வாரம் தள்ளுபடியில் நிற்கும். எழுதுபொருள், வீட்டுச் சாமான் சின்னச் சின்னதாக வேண்டுமானால் தைசோ. அங்கே ஐநூறு வோனில் தொடங்கி ஐயாயிரத்துக்கு மேல் எதுவும் இருக்காது.

வரித்தள்ளுபடி விவரம்: ஒரே ரசீதில் 15,000 வோனுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். உடனடித் தள்ளுபடி என்று ஒட்டியிருக்கும் கடைகளில் கடவுச்சீட்டைக் காட்டினால் கல்லாவிலேயே கழித்துவிடுவார்கள். மற்ற கடைகளில் தனி ரசீது தருவார்கள், அதை விமான நிலைய இயந்திரத்தில் காட்டிப் பணம் பெறலாம். மூன்று மாதத்துக்குள் பொருளோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும். சந்தைக் கடைகளில் இதெல்லாம் கிடையாது, கேட்கவும் வேண்டாம்.

நண்பர்களோடு போனால் நாலு கட்டப் புகைப்படக் கூடத்தில் ஒருமுறை நுழையுங்கள். தலையில் முயல் காது மாட்டிக்கொண்டு நாலு படம், இரண்டு நகல், ஐயாயிரம் வோனுக்குள். நாணயக் கரோக்கி அறைகளில் ஆயிரம் வோனுக்கு இரண்டு மூன்று பாட்டு. தனியாகவும் போகலாம், யாரும் ஒருமாதிரி பார்க்க மாட்டார்கள்.

வீதியின் மேற்கு முனை பிஃப் சதுக்கத்தில் முட்டும். 1996-ல் புசான் சர்வதேசத் திரைப்பட விழா பிறந்தது இங்கிருந்த திரையரங்குகளில்தான். விழாவின் மையம் பிறகு நகரின் மறுபக்கம் போய்விட்டது. வந்துபோன இயக்குநர்கள், நடிகர்களின் கைத்தடங்கள் மட்டும் வெண்கலத் தகடுகளாகத் தரையில் பதிந்து கிடக்கின்றன. அதன்மேல் நின்றுகொண்டு ஹோத்தொக் தின்பதுதான் இன்றைய வழக்கம். இது புசான் வகை. எண்ணெயில் பொரித்த மாவடையை வாயைப் பிளந்து உள்ளே சூரியகாந்தி, பூசணி விதைகளும் கடலையும் வெல்லப்பாகும் திணித்துக் காகிதக் கோப்பையில் தருவார்கள். பாகு நாக்கைச் சுட்டுவிடும், முதல் கடிக்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். நீண்ட வரிசை உள்ள வண்டிக்கும் பக்கத்து வண்டிக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. குப்பைத்தொட்டி தெருவில் கிடைக்காது, தின்ற கோப்பையை வாங்கிய வண்டியிலேயே போடலாம்.

இரவு 8: கங்தோங் சந்தை

புப்யோங் சந்தைக்குக் கங்தோங், அதாவது டப்பாச் சந்தை என்ற பேர் வந்தது அமெரிக்கப் படைகளின் டப்பா உணவால். இரவுச் சந்தை 2013-ல் தொடங்கியது. ஏழரை மணிக்குத் தள்ளுவண்டிகள் ஒரே சந்துக்குள் வரிசையாக நுழையும், நள்ளிரவுக்குச் சற்று முன்வரை இருக்கும். தொடங்கிய அரை மணி கழித்துப் போனால் எல்லா வண்டியிலும் அடுப்பு சூடேறியிருக்கும். முதலில் ஒரு முறை கடைசி வரை நடந்து பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது வாங்குங்கள். வியட்நாம் சுருள், பன்றி இறைச்சியில் சுற்றிய காய்கறி, சீஸ் வைத்துச் சுட்ட இறால் என்று பல நாட்டுச் சரக்கும் கலந்திருக்கும்.

நான் வண்டிகளைவிட ஓரத்து நிரந்தரக் கடைகளைத்தான் நம்புவேன். ஓமுக், அதாவது அரைத்த மீனைப் பிடித்துப் பொரித்த புசான் பண்டம், குச்சியில் கோத்துச் சூப்பில் மிதக்கும். தின்ற குச்சிகளை எண்ணிக் காசு கொடுத்தால் போதும், சூப்பு இலவசம். யூபு ஜோங்கோல் இன்னொன்று: பொரித்த சோயாக்கட்டிப் பைக்குள் சேமியாவை அடைத்து, வாயைக் கட்டி, கொதிக்கும் சூப்பில் போட்டது. குளிர்நாளில் அதைக் கையில் ஏந்தி நிற்பதே சுகம். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் அருகே பன்றிக்கால் உணவகங்கள் வரிசையாக இருக்கும் தெரு உண்டு. கடுகுச் சாந்தும் ஜெல்லி மீனும் சேர்த்துக் குளிர்ச்சியாகப் பரிமாறுவது இங்கத்திய வகை, மூக்குவரை ஏறும். டிப்ஸ் எங்கும் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் சில்லறை மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவருவார்கள்.

சந்தையிலிருந்து ஜாகல்ச்சி மெட்ரோ பத்து நிமிட நடை. பதினொன்றரைக்கு மேல் கடைசி வண்டியை நம்பாதீர்கள். பூட்டுப்பெட்டியில் பை வைத்திருந்தால் அதற்கு முன்பே போய் எடுத்துவிடுங்கள், நிலையம் அடைத்த பிறகு காலைவரை அது உள்ளேதான். காலையில் செய்யக் கொடுத்த மூக்குக்கண்ணாடியையும் இரவுச் சந்தைக்குப் போகும் முன்பே வாங்கியிருக்க வேண்டும், அந்தக் கடைகள் எட்டு மணிக்கெல்லாம் கதவைச் சாத்தத் தொடங்கும்.